பொன்தோலும் நம் தெருக்களும்

கூடங்குளத்தில் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளைக்கு நகைக்கடனுக்காக வந்த ஒரு ஆச்சியின் சங்கிலியை மதிப்பீட்டாளர் உரைகல்லில் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அமிலத்தைத் தொட்டு வைத்தார். கோடு கரைந்துவிட்டது. 'ஆச்சி, இது கவரிங்' என்றார். ஆச்சி அதிர்ச்சியடையவில்லை. 'மேல பூசிருக்கது பொன்னுதானேய்யா?' என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

அந்தக் கேள்வியை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை. ஆச்சி சொன்னது உண்மை. கவரிங் நகையில் மேலே பூசியிருப்பது பொன்தான், உள்ளே செம்பு. மேற்பரப்பு பொய் சொல்லவில்லை, உள்ளிருப்பதைப் பற்றி நாமாக எண்ணிக்கொண்டதுதான் பொய். கொஞ்ச நாளாக நான் படித்துக்கொண்டிருக்கும் ஒரு பொருள், ஐரோப்பிய அரண்மனைச் சுவர்களை இருநூறு முன்னூறு வருஷங்கள் மூடியிருந்த பொன்தோல், இதற்கு நேர் எதிரானது. அதில் மேலேகூடப் பெரும்பாலும் பொன் கிடையாது. இருந்தும் அதைக் கவரிங் என்று ஒதுக்க மனம் வரவில்லை. ஏன் என்று யோசித்தபோது விஷயம் ஐரோப்பாவில் நிற்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த யோசனைதான்.

*

பொன்தோல் என்றால் கன்று, செம்மறி அல்லது வெள்ளாட்டுத் தோலை மரப்பட்டை போன்ற தாவரச் சரக்கால் பதனிட்டு, ஒரே அளவுச் செவ்வகங்களாக வெட்டி, அலங்கரித்து, ஒன்றோடொன்று தைத்துச் சுவரில் தொங்கவிடுவது. செய்முறை இது: நனைத்துத் தட்டி நீட்டிய தோலின் மேல் மிருகப் பசை தடவி வெள்ளி ரேக்கை ஒட்டுவார்கள். காய்ந்ததும் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். வெள்ளி கறுக்காமலிருக்க முட்டை வெள்ளைக்கருவோ பசையோ ஒரு பூச்சு. அதன் மேல் ஆளிவிதை எண்ணெயில் பிசின்களையும் கற்றாழைச் சாற்றுக் கட்டியையும் காய்ச்சி எடுத்த மஞ்சள் வார்னிஷ். வெயிலில் காயவைத்தால் வெள்ளி, பொன்னாக மாறிவிடும். மாறிவிடும் என்று சொல்வது பிழை. வெள்ளி உள்ளேயேதான் இருக்கிறது. விழுந்த ஒளி மஞ்சள் படலத்தினூடே போய் வெள்ளியில் பட்டுத் திரும்பி வருகிறது. கண்ணுக்கு வருவது பொன்னின் நிறம். அதன் பிறகு அச்சு, முத்திரை உளிகள், எண்ணெய் வர்ணம்.

ஸ்பெயினில் இந்தத் தொழிலுக்குக் குவாதமெஸி என்று பெயர். லிபியப் பாலைவனத்தில் கதாமெஸ் என்ற ஊரின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். இஸ்லாமியர் ஆண்ட கோர்தோபாவில் வளர்ந்து, இத்தாலிக்கும் பிரான்ஸுக்கும் பெல்ஜியம், ஹாலந்துப் பகுதிகளுக்கும் பரவியது. 1628-இல் ஹேக் நகரத்து ஜேக்கப் டிர்க்ஸ் த ஸ்வார்ட் என்பவர் ஈரத்தோலை அச்சில் வைத்து அழுத்திப் புடைப்பாக உருவம் எழுப்பும் முறைக்கு உரிமை வாங்கினார். அதுவரை தட்டையாக இருந்த தோலில் பழக்கொத்தும் பூக்கொடியும் குழந்தைகளும் வண்டுகளும் புடைத்தெழுந்தன. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்தச் சுவர் அசைவது போலிருக்கும். சுடர் நடுங்கினால் ஒவ்வொரு மேட்டிலும் ஒளி இடம் மாறும். மின்விளக்கில் இதைப் பார்ப்பவன் பாதியைத்தான் பார்க்கிறான்.

பணக்காரர்கள் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரியார்த்தமான காரணங்களும் உண்டு. துணித் திரையைப் போல் சாப்பாட்டு வாசனையை உறிஞ்சாது, பூச்சி அரிப்பது குறைவு, ஈரத்துணியால் துடைக்கலாம். ஆனால் அடிப்படையில் அதன் ஆசை வேறு. ஆரம்பகாலப் பொன்தோலின் கோலங்கள் பலவும் ஜரிகைப் பட்டின் கோலங்கள். ஜரிகைப் பட்டு வாங்க முடிந்தவன் கூட ஒரு கூடம் முழுவதையும் அதனால் மூட யோசிப்பான். தோல், பட்டாக நடித்தது. வெள்ளி, பொன்னாக நடித்தது. இந்த இரண்டு பாவனைகளும் சேர்ந்த இடத்தில் பட்டுமல்லாத பொன்னுமல்லாத மூன்றாவது ஒன்று பிறந்தது. அதற்கென்று தனியான அழகு, தனியான இலக்கணம். அச்சுமுறை வந்த பிறகு எந்த நெசவாலும் செய்ய முடியாததை அது செய்தது. போலியாகத் தொடங்கியதாலேயே ஒன்று போலியாக முடிய வேண்டும் என்று விதி இல்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தத் தொழில் நசித்தது. அச்சடித்த சுவர்த்தாளும் துணியும் அதன் இடத்தைப் பிடித்தன. நமக்குச் சம்பந்தமுள்ள ஒரு செய்தி இங்கே குறுக்கிடுகிறது. அதற்கு முந்தைய நூறு வருஷங்களில் ஐரோப்பியப் படுக்கையறைகளிலும் சிறு கூடங்களிலும் தொங்கத் தொடங்கிய பூத்துணிகளில் பெரும்பங்கு சோழமண்டலக் கரையிலிருந்து போனவை. கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டி, சாயவேரில் சிவப்பேற்றி, கையால் வரைந்த துணிகள். உள்ளூர் நெசவாளர்களின் கூக்குரலுக்குப் பயந்து 1686-இல் பிரான்ஸும், 1700-இல் இங்கிலாந்தும் அவற்றுக்குத் தடைச் சட்டம் போட வேண்டியிருந்தது. ஐரோப்பியச் சுவரின் ரஸனையைத் தோலிலிருந்து துணிக்குத் திருப்பியவர்களில் நம் கரையின் பெயரில்லாத சாயக்காரர்களுக்கும் பங்கு உண்டு.

*

இப்போது, அந்தத் தோல் சுவர்களைத் திரும்ப உண்டாக்குவது பற்றி.

பழைய அரண்மனைகளைப் பழுதுபார்ப்பவர்கள் முன்னால் எப்போதும் இரண்டு வழிகள். போலந்தில் கிராக்கோ நகரத்து வாவெல் கோட்டை, அரசர்கள் இருந்த இடம், ஆஸ்திரியர்கள் காலத்தில் படைவீரர் கொட்டடியாகி உள்ளே எல்லாம் அழிந்தது. 1905-இல் படை வெளியேறிய பிறகு பழுதுபார்க்கத் தொடங்கினார்கள். வெறுஞ்சுவர்களுக்கு, இரண்டு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில், ஜெர்மனியில் டிரெஸ்டனுக்குப் பக்கத்திலுள்ள மோரிட்ஸ்பர்க் அரண்மனையிலிருந்து பழைய பொன்தோல்களை விலைக்கு வாங்கி வந்து மாட்டினார்கள். தோல் அசல், கைவேலை அசல், வயதும் அசல். ஆனால் அந்தச் சுவரில் அது ஒருபோதும் இருந்ததில்லை.

இன்னொரு வழி ஜப்பானில். டச்சுக் கம்பெனிக் கப்பல்கள் பொன்தோலை அங்கே கொண்டுபோயின. ஜப்பானியர்கள் அதைச் சுவரில் மாட்டவில்லை. துண்டுதுண்டாக வெட்டிப் புகையிலைப் பைகள் தைத்துக்கொண்டார்கள். அவ்வளவு அபூர்வமான சரக்கு. பின்பு தங்களுக்குக் கைவந்த காகிதத்தில் அதைச் செய்து பார்த்தார்கள். பூவும் கொடியும் செதுக்கிய மர உருளையின் மேல் ஈரக் காகிதத்தைப் போர்த்தித் தூரிகையால் அடித்து அடித்துப் புடைப்பெழுப்பி, உலோக ரேக்கும் வார்னிஷும் ஏற்றினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் காகிதம் ஐரோப்பாவுக்கே ஏற்றுமதியாகி, பொன்தோலின் பிறப்பிடங்களிலேயே சுவர்களில் ஒட்டப்பட்டது. பிறகு அந்தத் தொழிலும் மறைந்தது. 1980-களில் உவேதா தகாஷி என்பவர் மிஞ்சியிருந்த பழைய உருளைகளையும் துணுக்குகளையும் வைத்துக்கொண்டு முறையை மறுபடி கண்டுபிடித்தார். டோக்கியோவில் 1896-இல் ஜோசையா காண்டர் கட்டிய இவாஸாகி மாளிகையின் மாடி அறைகளில் இன்று ஒட்டியிருப்பது புதிதாகச் செய்த காகிதம். வெள்ளீய ரேக்கு, வார்னிஷ், கைக்காகிதம். பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை, தோலும் இல்லை.

எது உண்மையான மீட்பு? வாவெலில் பொருள் உண்மை, இடம் பொய். டோக்கியோவில் பொருள் புதிது; ஆனால் அந்தச் சுவரில் முன்பு இருந்ததைச் செய்த அதே அசைவுகள், அதே தூரிகை அடி, அதே காத்திருப்பு மறுபடி நடந்திருக்கின்றன. என் சாய்வு இரண்டாவதன் பக்கம். ஒரு பொருளின் பழமை அதன் வயதில் மட்டும் இல்லை, அதைச் செய்யத் தெரிந்த கையிலும் இருக்கிறது. வயதான பொருள் ஒருநாள் உதிர்ந்துவிடும். சென்ற நூற்றாண்டில் நல்லெண்ணத்தோடு எண்ணெயும் கொழுப்பும் பூசியே பல பொன்தோல்களைக் கெடுத்திருக்கிறார்கள்; செய்முறை தெரியாமல் பொருளை மட்டும் பூஜித்ததன் பலன் அது. செய்யத் தெரிந்த கை இன்னொரு கையைப் பழக்க முடியும்.

இந்தக் கருத்து எனக்கு வசதியாகத்தான் இருந்தது, பார்வையைச் சொந்த ஊர்ப் பக்கம் திருப்பும் வரை.

*

கூடங்குளத்திலிருந்து கடற்கரையோடு வடகிழக்கே போனால் மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி. 1658-இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்கள், ஜப்பானுக்குப் பொன்தோல் கொண்டுபோன அதே கம்பெனிக்காரர்கள். இந்தப் பக்கத்துச் செம்மண் மேடுகளில் யாரும் விதைக்காமலே ஆவாரை பூத்துக் கிடக்கிறது. அதன் பட்டையில் பதனிட்ட தோல் தமிழ்நாட்டின் பெரிய ஏற்றுமதிச் சரக்காக இருந்தது. லண்டன் சந்தையில் கிழக்கிந்தியத் தோல் என்றே அதற்குப் பெயர். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, திண்டுக்கல் எல்லாம் அதனால் வளர்ந்த ஊர்கள். ஆவாரந்தோல் வெயில் பட்டால் சிவந்துவிடும் என்று தெரிந்து, கடைசியில் கடுக்காய் நீரில் ஊறப்போட்டு இளமஞ்சளாக நிறுத்தத் தெரிந்தவர்கள் இங்கே இருந்தார்கள்.

மறுபக்கம், தஞ்சாவூரில் பலாப்பலகையின் மேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்துப் புடைப்பெழுப்பி, அதன் மேல் பொன் ரேக்கு ஒட்டிப் படம் செய்தார்கள். புடைப்பு, பசை, ரேக்கு, மெருகு, வர்ணம் என்று பொன்தோல்காரனின் பாஷை முழுவதும் தஞ்சாவூர்க்காரனுக்குத் தெரியும். பத்மநாபபுரம் அரண்மனையின் கண்ணாடி போன்ற கறுப்புத் தரைக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்தார்கள் என்று சொல்வதுண்டு.

ஆக, தோல் இருந்தது. பொன் ரேக்கு இருந்தது. ஒட்டத் தெரிந்தது, புடைக்கத் தெரிந்தது. எடுத்துக் காட்ட டச்சுக்காரனும் பக்கத்திலேயே இருந்தான். ஒரு கைப்பெட்டி அளவுக்காவது நம்மிடம் ஒரு பொன்தோல் மரபு ஏன் உண்டாகவில்லை?

தட்பவெப்பம் என்று பதில் சொல்லலாம். அதில் நியாயம் இருக்கிறது. நம் கடற்கரை ஈரத்தில் தோல் பூஞ்சணம் பிடிக்கும். குளிர்நாட்டானைப் போலச் சுவரைப் போர்த்த வேண்டிய அவசியமும் நமக்கில்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். புத்தகங்களின் தோல் அட்டைகள் ஏன் பொடியாக உதிர்கின்றன என்று 1900-ஐ ஒட்டி லண்டனில் ஒரு நிபுணர் குழு ஆராய்ந்தபோது, ஆவாரம்பட்டை போன்ற சரக்கில் பதனிட்டவை சீக்கிரம் சிதைவதாகக் கண்டது. நம் தோல் சாசுவதத்துக்கு ஏற்றதல்ல என்று வாதிடலாம். ஆனால் நூறு வருஷம் கழித்து உதிரும் என்று தெரிந்து யாரும் ஒரு கலையைத் தொடங்காமல் இருப்பதில்லை. தஞ்சாவூர்ப் பலகையையும் கரையான் அரிக்கிறது.

காரணம் பட்டையிலோ காற்றிலோ மட்டும் இல்லை. தோலைத் தொட்ட கையும் பொன்னைத் தொட்ட கையும் வேறு வேறு தெருக்களில் வைக்கப்பட்டிருந்தன. ஒரு தெருவின் கை முடித்ததை அடுத்த தெருவின் கை வாங்கித் தொடர்ந்தால்தான் பொன்தோல் உண்டாகும். சாயக்காரன் நெசவாளியிடமிருந்து துணியை வாங்கினான், பூத்துணி உண்டாயிற்று. ரேக்குக்காரன் தச்சனிடமிருந்து பலகையை வாங்கினான், படம் உண்டாயிற்று. தோல் பதனிடுகிறவனிடமிருந்து ரேக்குக்காரன் வாங்கவில்லை. நம் கைவினைகளின் வரலாற்றை, செய்யப்பட்ட பொருள்களை வைத்து மட்டுமே எழுதிக்கொண்டிருக்கிறோம். செய்யப்படாத பொருள்களை வைத்தும் எழுத வேண்டும். இந்தச் சமூகம் எந்தெந்தக் கைகளைச் சேரவிடவில்லை என்பதற்கு அவைதான் சாட்சி.

தோல் நம் வாழ்க்கைக்குள் வரவேயில்லை என்று சொல்லவில்லை. கமலைக் கூனையின் அடியில் தொங்கிய தோல் வால் வழியாக வந்த தண்ணீரில்தான் இந்த ஜில்லாவின் எத்தனையோ தோட்டங்கள் விளைந்தன. தண்ணீருக்குத் தீட்டு இல்லை. தோலைத் தைத்தவனுக்கு உண்டு. தவிலும் மிருதங்கமும் சன்னிதி வரை போகின்றன. மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா ஆங்கிலத்தில் ஒரு முழுப் புத்தகம் எழுதினார், 2020-இல். அந்த வாத்தியத்துக்கு எத்தனை நூற்றாண்டு வயது என்று யோசித்துக்கொண்டு அந்த வருஷத்தையும் பார்க்க வேண்டும். வாசித்தவன் பெயர் நமக்கு உடனே தெரிந்தது. தோல் கட்டியவன் பெயரைக் கேட்க இவ்வளவு காலம் ஆயிற்று.

இது ஆதியிலிருந்தே இப்படித்தான் என்பதும் சரியில்லை. தோல் என்ற சொல்லே கேடயத்தைக் குறித்த காலம் தமிழில் இருந்தது. யாழின் போர்வைத்தோலை, அதன் நிறத்தையும் தையலையும் கண்ணெடுக்காமல் பார்த்து வர்ணித்த கவிகள் நமக்கு இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது கூசவில்லை. ஆகவே இடையில் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. நடந்த ஒன்று என்றால் அதற்கு வரலாறு உண்டு. வரலாறு உண்டு என்றால் அது இயற்கை இல்லை.

இந்தியாவிலேயே மாறான உதாரணம் ராஜஸ்தானத்தின் பீகானேர். அங்கே உஸ்தா என்ற முஸ்லிம் கைவினைக் குடும்பங்கள் ஒட்டகத் தோல் குப்பிகளின் மேல் குழம்பால் புடைப்பெழுப்பிப் பொன் வேலை செய்தார்கள். ஜுனாகர் கோட்டையில் அனூப் மஹாலின் பொன்னிறச் சுவர்களிலும் அதே மரபின் கைதான். தோலைக் குப்பியாக வடித்தவனும் பொன் ஏற்றியவனும் வேறு வேறு ஆட்களாக இருந்தாலும், முன்னவன் கையிலிருந்து பின்னவன் கைக்குப் பொருள் போயிற்று. அரண்மனைச் சுவருக்குப் போன தூரிகையே தோலுக்கும் போயிற்று. 1986-இல் ஹிசாமுதீன் உஸ்தாவுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பொன்தோல் என்ற கற்பனை இந்திய மண்ணில் முளைக்காது என்பதல்ல. எங்கே தெருக்கள் கொஞ்சம் திறந்திருந்தனவோ அங்கே முளைத்தது.

நம் பக்கத்தில் அதற்கு நெருங்கி வந்தது தோல்பாவைக் கூத்து ஒன்றுதான். கன்னியாகுமரி ஜில்லாவில் அதை நடத்தி வந்தவர்கள் வீட்டில் மராத்தி பேசும் குடும்பங்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் என்பதால் நம் தெருக்களின் கணக்கில் முழுவதும் அடங்காதவர்கள். ஆட்டுத்தோலை அவர்கள் பதனிடுவதில்லை. மயிர் நீக்கி, சுரண்டி, இழுத்துக் கட்டிக் காயவைத்து, ஒளி ஊடுருவும்படி மெல்லிசாக்குகிறார்கள். பிறகு துளையிட்டு, இரண்டு பக்கமும் வர்ணம் ஏற்றுகிறார்கள். பொன்தோலில் ஒளி மேற்பரப்பில் பட்டுத் திரும்புகிறது. பாவையில் ஒளி தோலுக்குள் புகுந்து வெளியே வருகிறது. ராமனும் ராவணனும் ஒரே ஆட்டுத்தோல் என்பதைத் திரை ஒளிப்பதில்லை. அரண்மனைக் கூடத்தை அது ஒருநாளும் பார்த்ததில்லை, கோயில் திருவிழாவின் ஓரத்தில், தெருமுனையில் இரவெல்லாம் நின்றது. நமக்கு வாய்த்த பொன்தோல் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

*

இதையெல்லாம் ஒரு கவிதைப் பத்திரிகையில் ஏன் எழுத வேண்டும்?

மரபை மீட்பது பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். நாட்டார் வடிவங்களை நவீன நாடகத்துக்குள் கொண்டுவருகிறோம், பழைய யாப்பின் ஓசையைப் புதுக்கவிதையில் கேட்கச் செய்கிறோம், தொன்மங்களை எடுத்தாள்கிறோம். இதில் பெரும்பகுதி வாவெல் காரியம். அசலான துண்டு ஒன்றை எங்கிருந்தோ பெயர்த்து வந்து நம் சுவரில் மாட்டிவிட்டு, சுவரே பழையது என்று நினைத்துக்கொள்கிறோம். இன்னொரு பகுதி அதைவிட மோசம்: கோயில் திருப்பணியில் பழைய சுதையின் மேல் அப்புகிற தங்க நிற எனாமல். டோக்கியோ காரியம் அபூர்வமாகத்தான் நடக்கிறது. அதற்குச் செய்முறையை முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும்; கற்றுக்கொள்ள, தெரிந்தவன் இருக்கும் தெருவுக்குப் போக வேண்டும்.

ஐரோப்பியனுக்குப் பொன்தோலை மீட்பது, அறுந்துபோன ஒரு தொழிலை முடிந்து சேர்ப்பது. நமக்கு மீட்க ஒன்றும் இல்லை, ஏனென்றால் நம்மிடம் சேர்க்கையே நடக்கவில்லை. எனவே நம் பிரச்னை மீட்பு என்று நாம் சொல்லிக்கொள்வதே ஒரு வார்னிஷ். நடந்திருக்க வேண்டியது, நடக்கவிடப்படாதது ஒன்று இருக்கிறது. அதை இப்போதுதான் முதல்முறையாகச் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்குப் பழைய மாதிரி எதுவும் கிடைக்காது.

சாயந்தரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பார்க்கிறேன். காற்றாலைகளுக்குக் கீழே, மேட்டில் ஆவாரை மஞ்சளாகப் பூத்திருக்கிறது. பதனிடும் தொழிலில் பெரும்பாலும் குரோம் உப்பு வந்துவிட்டது. பட்டைக்காரனும் வெளிநாட்டு வாட்டில் சாறு வாங்குகிறான். இதன் பட்டையை உரிக்க இந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. பொங்கலுக்கு வாசலில் செருகப் பூவை மட்டும் ஒடித்துக்கொண்டு போவார்கள்.